அடி வாங்காதவனுக்குக் கைதட்டல் இல்லை

2013 ஏப்ரல் 13 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த குத்துச்சண்டையில் கியர்மோ ரிகாண்டோ, நொனிட்டோ டொனேரைத் தோற்கடித்தார். டொனேர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2012ஆம் ஆண்டின் சிறந்த வீரர் என்ற பட்டத்தோடு வந்திருந்தவர். அவருடைய இடது ஹூக், அதாவது வளைத்து வீசும் குத்து, சரியாக விழுந்தால் எதிராளி எழுந்திருப்பதே சந்தேகம். அப்படிப்பட்டவரைப் பன்னிரண்டு ரவுண்டும் காற்றோடு சண்டை போட வைத்தார் கியூபாக்காரர் ரிகாண்டோ. 2000, 2004 என்று இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கைகள் அவை. பத்தாவது ரவுண்டில் ஒரு தடவை மட்டும் டொனேரின் குத்து பட்டு அவர் கீழே விழுந்தார், எழுந்தார், மறுபடியும் தன் வேலையைத் தொடர்ந்தார். மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். பிந்தைய ரவுண்டுகளில் அரங்கத்திலிருந்து வந்ததோ ஊளைச் சத்தம். அவருடைய ப்ரமோட்டரே, இந்த மாதிரி ஆடுகிறவரை எப்படி விற்பது என்று வெளிப்படையாகப் புலம்பினார்.

எனக்கு அந்தச் சண்டை விருந்து. இப்போதும் அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். ஒருமுறை நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து பார்த்தேன். குத்துச்சண்டை தெரியாதவன் இல்லை அவன். நாலாவது ரவுண்டிலேயே போனைக் கையில் எடுத்துவிட்டான். “இவன் ஜெயிக்கிறான், சரி. அதை நான் எதுக்குப் பார்க்கணும்?” என்று கேட்டான். ரசிகர்களுக்கு விவரம் பத்தாது, அதனால்தான் முட்டி மோதுகிறவனைக் கொண்டாடுகிறார்கள் என்பது என்னைப் போன்ற நுணுக்கப் பிரியர்கள் கையில் எப்போதும் தயாராக வைத்திருக்கும் பதில். அது பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதியும் சும்மா இல்லை, முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

தற்காப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒருவர் தலையை இரண்டு விரற்கடை நகர்த்தி ஒரு குத்தைத் தவறவிட்டால், பார்க்கிறவருக்கு அது குத்தியவரின் தப்பாகத்தான் தெரியும். ‘என்னப்பா, குறியே இல்லை’ என்று தோன்றும். அதைத் தவறவைத்தவர் அந்தக் காட்சியில் இருப்பதே தெரியாது. காலை எங்கே வைக்கிறார் என்பது அதைவிட மோசம். இடதுகைக்காரரும் வலதுகைக்காரரும் மோதும்போது, யாருடைய முன்னங்கால் மற்றவரின் காலுக்கு வெளிப்பக்கம் இருக்கிறதோ அவருக்குப் பின்கைக் குத்துக்கு நேர்வழி கிடைக்கும். அந்த ஒரு சாண் இடத்துக்காக ரவுண்டு முழுக்க ஒரு தனிச் சண்டை நடக்கும். டிவி கேமரா பெரும்பாலும் இடுப்புக்கு மேலேதான் காட்டுகிறது. அரங்கத்தில் தூரத்து வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் இல்லை, இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வருவது மட்டும் தெரியும்.

அப்புறம் போலிக் குத்து. தோளை லேசாக அசைத்தாலே எதிராளி குத்த வந்த கையை மடக்கிக்கொள்வார், நிலையைச் சரிசெய்வார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மூன்று நிமிட ரவுண்டில் இப்படிப் பத்துப் பதினைந்து தடவை நடந்தால் அவர் ஒன்றுமே செய்யாத மாதிரி ஆகிவிடும். 1985இலிருந்து காம்ப்யூபாக்ஸ் என்ற நிறுவனத்தார் களத்தோரம் உட்கார்ந்து ஒவ்வொரு குத்தையும் பொத்தான் அழுத்தி எண்ணுகிறார்கள். எத்தனை வீசினார், எத்தனை பட்டது என்று அவர்களால் சொல்ல முடியும். வீசவே விடாமல் தடுத்த குத்துக்குப் பொத்தான் கிடையாது. இன்னொரு பக்கம், முன்கையிலும் தோளிலும் பட்டு வீணாகப் போகும் குத்துக்கும் ‘தொம்’ என்று சத்தம் வரும். கூட்டம் சத்தத்துக்குக் கத்தும். பிடித்த வீரர் கையசைத்தாலே பட்டுவிட்டதாகக் கத்துகிறவர்கள் வேறு.

இதெல்லாம் சரிதான். ஆனால் விவரம் தெரிந்தவர்களும் அதே பக்கம்தானே சாய்கிறார்கள்? பயிற்சியாளர்கள், பழைய வீரர்கள், வருஷக்கணக்கில் எழுதுகிறவர்கள், நான் உட்பட. முகமது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலிதான் தொழில்நுட்பத்தின் உச்சம் என்று பலர் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்வேன். எதிராளியின் குத்து அவரைத் தொடுவதே அபூர்வம். ஆனால் அலி என்றதும் யாராவது அந்தச் சண்டையைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பேசுவது 1975 மணிலாவைப் பற்றித்தான். பதினாலு ரவுண்டு ஜோ ஃப்ரேசியரும் அவரும் மாறி மாறி அடித்து, ஃப்ரேசியருக்குக் கண் தெரியாமல் போய், அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் இனி வேண்டாம் என்று நிறுத்திய சண்டை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் வந்த மூன்றரை ஆண்டு தடைக்குப் பிறகு கால் மெதுவாகி, அடி வாங்க ஆரம்பித்த அலிதான் உலகத்துக்கு மிகவும் வேண்டியவரானார். அதற்கு அரசியல் காரணங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்பதை அரசியல் மட்டும் முடிவு செய்வதில்லை.

உக்ரைன் வீரர் விளாடிமிர் கிளிட்ச்கோவின் கதை இதைவிடத் தெளிவு. 2003இலும் 2004இலும் நாக் அவுட்டில் தோற்றவர், எமானுவெல் ஸ்டூவர்டின் பயிற்சியில் தனக்கென்று ஒரு பாதுகாப்பான முறையைக் கட்டிக்கொண்டார். நீளக் கையால் ஜாப் (முன்கையை நீட்டிப் போடும் நேர்க்குத்து), பின்னாலேயே வலது, எதிராளி நெருங்கினால் கட்டிப்பிடித்து அவர் மேலேயே சாய்ந்துவிடுவது. 2006 முதல் 2015 வரை ஒன்பதரை ஆண்டு சாம்பியன். ஜெர்மனியில் அரங்கங்கள் நிரம்பின. வெளியே, குறிப்பாக அமெரிக்காவில், அவர் பெயரைக் கேட்டாலே கொட்டாவி. 2013இல் மாஸ்கோவில் பொவெட்கினுக்கு எதிரான சண்டையை நானே முழுதாகப் பார்க்கத் திணறினேன். நாலு தடவை எதிராளியைக் கீழே தள்ளியும் மனதில் நின்றதெல்லாம் கட்டிப்பிடிப்புதான்.

பிறகு 2017 ஏப்ரலில் வெம்ப்ளி. 90,000 பேர். எதிரே ஆன்டனி ஜோஷுவா. நாற்பத்தொரு வயதுக் கிளிட்ச்கோ ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார், ஆறாவதில் ஜோஷுவாவைச் சாய்த்தார், பதினொன்றாவதில் இரண்டு தடவை விழுந்து சண்டை நிறுத்தப்பட்டது. தோல்விதான். அன்றைக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒன்பதரை ஆண்டில் ஒருநாளும் அவருக்குக் கிடைத்ததில்லை. எந்த முறையால் வெற்றிமேல் வெற்றி வந்ததோ அதைக் கொஞ்சம் தளர்த்தியதும் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

மெக்ஸிகோவின் ஹுவான் மானுவெல் மார்க்கெஸும் இப்படித்தான். எதிர்க்குத்தில் அவரைப் போல் ஒருவர் இல்லை. ஆனால் அதே நாட்டு வீரர்களான பரேராவும் மொராலஸும் அடித்துக்கொண்ட காலத்தில் அவர் மூன்றாவது பெயர். 2004இல் ஃபிலிப்பைன்ஸின் பாக்கியாவ் அவரை முதல் ரவுண்டிலேயே மூன்று தடவை கீழே தள்ளினார். அங்கிருந்து எழுந்து, கணக்குப்போட்டு ஆடி, சண்டையை டிராவில் முடித்தார். அந்த மூன்று வீழ்ச்சிக்குப் பிறகுதான் அவருடைய நுணுக்கத்தைப் பலர் கவனிக்கவே ஆரம்பித்தார்கள்.

ஆக, கூட்டத்துக்குத் திறமை மேல் வெறுப்பு என்பதை நான் ஏற்கவில்லை. அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். முட்டி மோதுகிறவர் ஒவ்வொரு நொடியும் அந்தக் கதவைத் திறந்து வைக்கிறார். அவரும் விழலாம், எதிராளியும் விழலாம். நுணுக்கக்காரரின் வேலையே அந்தக் கதவைச் சாத்துவதுதான். எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவு சீக்கிரம் முடிவு தெரிந்துவிடுகிறது. ஆறாவது ரவுண்டுக்குள் ‘இனி இவன் தோற்க மாட்டான்’ என்று ஊருக்கே புரிந்துவிட்டால், மிச்சம் ஆறு ரவுண்டு என்ன இருக்கிறது? நண்பன் கேட்டதும் இதைத்தான்.

இது இன்றைக்கு வந்த ரசனை என்று நினைக்க வேண்டாம். 1926 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில், மழையில், ஏறக்குறைய 1,20,000 பேர் முன்னால் ஜீன் டன்னி, முட்டி மோதுகிற சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியைப் பத்து ரவுண்டு புள்ளிகளில் தோற்கடித்தார். டன்னி முதல் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். டெம்ப்ஸியோ போருக்குப் போகாமல் ஒளிந்துகொண்டார் என்று வழக்கு நடந்து, 1920இல் விடுதலையானவர். அந்தப் பழியால் பல ஆண்டுகள் ஊளை வாங்கியவர். நியாயமாகப் பார்த்தால் மக்கள் யாரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ். தோற்ற பிறகுதான் டெம்ப்ஸி மக்களின் செல்லமானார். டன்னி எட்டி நின்று ஜாப் போட்டு, பின்வாங்கி, கணக்காக ஜெயிக்கிற ஆள். போதாதற்கு ஷேக்ஸ்பியர் படிப்பார், 1928இல் யேல் பல்கலைக்கழகத்துக்கே போய் ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசினார். அது அவர் மேல் இருந்த எரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

1927இல் சிகாகோவில் மறுபடி மோதினார்கள். ஏழாவது ரவுண்டில் டெம்ப்ஸி டன்னியைக் கீழே தள்ளினார். எதிராளி விழுந்தால் தள்ளியிருக்கும் மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. பழக்கதோஷத்தில் டெம்ப்ஸி தலைமாட்டிலேயே நின்றார். ரெஃபரி எண்ணத் தொடங்கத் தாமதமானது, டன்னிக்குப் பதினாலு நொடி அளவுக்கு அவகாசம் கிடைத்தது. எழுந்தார், ஓடினார், அடுத்த ரவுண்டில் டெம்ப்ஸியையே ஒரு தடவை கீழே தள்ளினார், புள்ளிகளில் ஜெயித்தார். அந்தப் பதினாலு நொடியைப் பற்றி நூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். மீதி ரவுண்டுகளில் டன்னி எப்படி ஆடினார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். அடுத்த ஆண்டு அவர் டாம் ஹீனியோடு மோதிய கடைசிச் சண்டை ப்ரமோட்டருக்கு நஷ்டத்தில் முடிந்தது. டெம்ப்ஸி எதிரில் இல்லை என்றால் டன்னியைப் பார்க்க வருவதற்கு அவ்வளவு பேர் இல்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நடுவர்கள் ஒரு கணக்கில் கூலி கொடுக்கிறார்கள், ரசிகர்கள் வேறு கணக்கில். புள்ளி முறையில் ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பது. சுத்தமான குத்து, பயனுள்ள தாக்குதல், களத்தை ஆள்வது, தற்காப்பு என்று நாலையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஐந்து நல்ல ஜாப் போட்டு ஒரு ரவுண்டை மயிரிழையில் எடுத்தாலும் பத்து-ஒன்பது, எதிராளியைக் கீழே விழவைக்காமல் மூன்று நிமிடம் துவைத்தாலும் அனேகமாகப் பத்து-ஒன்பதுதான். நுணுக்கக்காரருக்கு இது வசதி. கஞ்சத்தனமாகச் செலவு செய்து ரவுண்டு ரவுண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சண்டை முடிந்ததும் அந்தப் புள்ளிகளுக்கு வெளியே மதிப்பில்லை.

ஏனென்றால் குத்துச்சண்டையில் லீக் கிடையாது. கால்பந்தில் சலிப்பூட்டி ஜெயிக்கிற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு, அட்டவணையில் இடம் உண்டு. இங்கே அடுத்த சண்டை யாரோடு, எங்கே, எவ்வளவு பணத்துக்கு என்பதெல்லாம் யாரால் டிக்கெட் விற்கும் என்பதை வைத்துத்தான். நாலு உலக அமைப்புகளின் கட்டாயப் போட்டியாளர் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அது நகர்வதற்குள் வயதாகிவிடும். ரிகாண்டோ மாதிரி ஒருவரோடு மோதச் சொன்னால் எந்த மேனேஜர் ஒத்துக்கொள்வார்? ஜெயிப்பது கஷ்டம், தோற்றால் கேவலமாகத் தெரியும், பணமும் குறைவு. திறமை கூடக்கூட வாய்ப்புக் குறைகிற விளையாட்டு வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

இந்தப் பூட்டுக்குச் சாவி கண்டுபிடித்தவர் ஃப்ளாய்ட் மேவெதர். தற்காப்பில் கரைகண்டவர். அதைக் காட்டி டிக்கெட் விற்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன்மேல் வெறுப்பை வளர்த்து, ‘இவன் தோற்பதைப் பார்க்கணும்’ என்று ஆசைப்படுகிறவர்களிடம் அந்த ஆசையையே விற்றார். 2015இல் பாக்கியாவோடு மோதியபோது அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் காசு கட்டின. பன்னிரண்டு ரவுண்டு நிதானமாக ஆடிப் புள்ளிகளில் ஜெயித்துவிட்டுப் போனார். பாக்கியாவின் தோள் காயத்தை மறைத்துவிட்டார்கள் என்று பார்வையாளர்கள் வழக்குப் போட்டது தனிக்கதை. நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

ஆனால் மேவெதரும் அந்தச் சந்தைக்குள் நுழைந்தது இன்னொருவரின் தோள்மேல் ஏறித்தான். 2005 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் அவர் முதன்முதலாகக் கட்டணத் தொலைக்காட்சியின் தலைமைச் சண்டைக்கு வந்தபோது எதிரே நின்றவர் முட்டி மோதுகிற ஆர்ட்டுரோ காட்டி. அந்த ஊர் காட்டியின் கோட்டை, வந்த கூட்டம் காட்டியின் கூட்டம். ஆறு ரவுண்டு காட்டியைத் தொட்டுத் தொட்டுக் கிழித்தார் மேவெதர், அதற்குமேல் காட்டியின் மூலைக்காரர்கள், அதாவது பயிற்சிக் குழுவினர், அவரை அனுப்பவில்லை. என் கணக்கில் மேவெதரின் மிக அழகான ஆட்டங்களில் அது ஒன்று. ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்க வந்தது அவரை இல்லை.

காட்டியைப் பற்றிப் பேசிவிட்டு மிக்கி வார்டை விடமுடியாது. 2002 மே 18, கனெக்டிகட்டில் இருவருக்கும் முதல் சண்டை. அதன் ஒன்பதாவது ரவுண்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு முட்டும். தொடக்கத்திலேயே வார்டின் இடது ஹூக் ஈரல் பக்கம் விழுந்து காட்டி மண்டியிடுகிறார், முகம் கோணிப்போகிறது. எழுந்து வாங்குகிறார், திருப்பிக் கொடுக்கிறார், மறுபடி வாங்குகிறார். ரெஃபரி நிறுத்திவிடுவார் என்று நினைக்கும்போதெல்லாம் நிற்காமல் போகிறது. இதை வெறும் அடிதடி என்று சொன்னால் வார்டுக்கு அநியாயம். தலைப்பக்கம் லேசாகத் தட்டிக் கையை மேலே தூக்கவைத்து, அதே இடது கையை விலாவுக்குக் கீழே இறக்குவது அவர் வருஷக்கணக்கில் தீட்டிய வித்தை. முட்டி மோதுகிறவர்களுக்கும் நுணுக்கம் உண்டு. தன் உடம்பையே பணயம் வைத்து அதைச் செய்கிறார்கள், அதனால் நமக்கு அது பளிச்சென்று தெரிகிறது.

கூட்டத்தின் சத்தம் கூட்டத்தோடு நிற்பதும் இல்லை. முவாய் தாய் நடுவர்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. ரசிகர்களின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு புள்ளி போட்டவர்கள், இரைச்சல் கேட்காமல் போட்டவர்களைவிட உள்ளூர் வீரருக்குக் கொஞ்சம் தாராளமாக இருந்தார்கள். 1987இல் மார்வின் ஹேக்ளருக்கு எதிராக ஷுகர் ரே லியோனார்டு ரவுண்டின் கடைசி விநாடிகளில் சரமாரியாகக் கை வீசுவார், அரங்கம் அதிரும், ரவுண்டு முடியும். வலித்ததோ இல்லையோ, காதில் கேட்டது. அவர் ஜெயித்தாரா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். நான் ஹேக்ளர் பக்கம். சந்தேகமிருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், சில ரவுண்டுகள் வேறு சண்டை மாதிரி இருக்கும்.

இந்த ரசனைக்குப் பில் யார் கட்டுகிறார்கள் என்பது தெரியாத ரகசியம் இல்லை. தலையில் அடி வாங்கி வாங்கித் தள்ளாடும் வீரர்களைப் பற்றி ஹாரிஸன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் எழுதியது 1928இலேயே. மிக்கி வார்டு, தான் இறந்த பிறகு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டும் நான் அந்த ஒன்பதாவது ரவுண்டைப் போட்டுப் பார்க்கிறேன். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

மெல்ட்ரிக் டெய்லரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1984 ஒலிம்பிக்கில் பதினேழு வயதில் தங்கம். அவர் கைவேகம் அந்தக் காலத்தில் யாருக்கும் கிடையாது. 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகஸில் ஹூலியோ சீஸர் சாவேஸுக்கு எதிரே நின்றார். எட்டி நின்று ஜாப் போட்டு ஓடியிருக்கலாம், அதற்கான கால்களும் இருந்தன. அவர் நெருங்கி நின்று அடித்தார். நிறையக் கொடுத்தார், ரவுண்டுகளை எடுத்தார். பதிலுக்கு எண்ணிக்கையில் குறைவாகவும் எடையில் அதிகமாகவும் வாங்கினார். முகத்தில் எலும்பு உடைந்தது, வாயில் வழிந்த ரத்தத்தை விழுங்கிக்கொண்டே ஆடினார். பதினொரு ரவுண்டு முடிந்தபோது மூன்றில் இரண்டு நடுவர்களின் அட்டையில் அவர் வெகுதூரம் முன்னால் இருந்தார். அது மூலையில் யாருக்கும் தெரியாது. கடைசி ரவுண்டு கட்டாயம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் போய் மோதினார். விழுந்தார், எழுந்தார், ரெஃபரி ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, சண்டை நிறுத்தப்பட்டது. மிச்சமிருந்தது இரண்டு நொடி.

அந்த ஆண்டின் சிறந்த சண்டை என்று அதற்குப் பட்டம் கிடைத்தது. டெய்லர் அதற்கப்புறம் பழைய டெய்லராக இல்லை, சில ஆண்டுகளில் பேச்சும் குழற ஆரம்பித்தது. அந்தக் கடைசி மூன்று நிமிடமும் அவர் வெறுமனே ஓடியிருந்தால், கட்டிப்பிடித்திருந்தால், அரங்கம் முழுக்க ஊளையிட்டிருக்கும். ரவுண்டு சாவேஸுக்குப் போயிருக்கும், சண்டை டெய்லருக்கு.